வேடமிட்டு உள்ளே நுழைந்த காவலர்கள்: பிரிட்டன் உளவுக் காவல் விவகாரம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டன் காவலர்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொய்ப் பெயர்களில் அரசியல் இயக்கங்களுக்குள் வாழ்ந்து வந்தார்கள். அந்த உண்மையைச் சில பெண்களும் சில செய்தியாளர்களும் எப்படி வெளியே கொண்டுவந்தார்கள் என்பதைப் பற்றி வாசகர்களும் இதழியல் மாணவர்களும் எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

நடந்தது என்ன?

லண்டன் மாநகரக் காவல்துறையில் அரசியல் இயக்கங்களைக் கண்காணித்த ஸ்பெஷல் பிராஞ்சுக்குள் 1968இல் ஒரு சிறு பிரிவு தொடங்கப்பட்டது. அதன் காவலர்கள் பெயரை மாற்றிக்கொண்டு, தலைமுடியும் தாடியும் வளர்த்து, தனியாக வாடகைக்கு வீடு பிடித்து, சந்தேகம் எழாதபடி ஒரு பிழைப்பையும் அமைத்துக்கொண்டு, போராட்டக் குழுக்களில் உறுப்பினர்களாகச் சேர்ந்தார்கள். பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகள் அவர்களுள் ஒருவராகவே வாழ்ந்துவிட்டு, பிறகு ஒருநாள் காணாமல்போனார்கள். போர் எதிர்ப்பாளர்கள், இனவெறி எதிர்ப்பு இயக்கத்தினர், இடதுசாரிக் கட்சியினர், விலங்குரிமைக் குழுக்கள், சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எனக் கண்காணிக்கப்பட்ட குழுக்களின் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் அதிகம். இந்தப் பணியில் ஈடுபட்ட உளவுக் காவலர்கள் குறைந்தது 139 பேர். முதற்பிரிவு 2008இல் மூடப்பட்டது. 1999இல் நாடு தழுவிய அளவில் தொடங்கப்பட்ட இன்னொரு பிரிவு 2011 வரை இயங்கியது.

கண்காணிக்கப்பட்டவர்களுள் மிகப் பலர் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். கூட்டம் போட்டுப் பேசியதும், துண்டறிக்கை விநியோகித்ததும், சாலையில் பதாகை பிடித்து நின்றதும்தான் அவர்களுடைய பெயர் காவல்துறைக் கோப்புகளில் ஏறக் காரணம்.

இப்படி ஒரு பிரிவு ஏன் தேவைப்பட்டது?

1968 மார்ச் 17 அன்று லண்டன் குரோவ்னர் சதுக்கத்தில் அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் நடந்த வியட்நாம் போர் எதிர்ப்புப் பேரணி கலவரமாக மாறியது. கூட்டத்தின் வேகத்தைக் காவல்துறை முன்கூட்டிக் கணிக்கத் தவறிவிட்டது. அடுத்த பெரிய பேரணி அக்டோபரில் வரவிருந்த நிலையில், கான்ராட் டிக்சன் என்ற ஸ்பெஷல் பிராஞ்ச் அதிகாரி, கூட்டங்களின் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதோடு நிற்காமல் அமைப்புகளுக்குள்ளேயே ஆட்களை வாழவைக்கும் திட்டத்தை முன்வைத்தார். ஒரு பேரணிக்காகத் தொடங்கிய அந்த ஏற்பாட்டுக்குப் பிரிட்டன் உள்துறை அமைச்சகம் பணம் கொடுத்தது. ஆண்டுதோறும் நீட்டிப்புக்கு ஒப்புதலும் தந்தது. எனவே, இது சில அதிகாரிகள் மேலிடத்துக்குத் தெரியாமல் செய்துகொண்ட காரியம் என்று சொல்லிவிட முடியாது.

உளவுக் காவலரும் இன்ஃபார்மரும் ஒன்றுதானா?

இல்லை. இன்ஃபார்மர் என்பவர் ஏற்கெனவே அந்தக் கூட்டத்தில் இருப்பவர். பணத்துக்காகவோ, தன் மீதுள்ள வழக்கிலிருந்து தப்பவோ, பகையாலோ, மனச்சாட்சியாலோ காவல்துறைக்குத் துப்புக் கொடுக்கிறவர். உளவுக் காவலரோ அரசுச் சம்பளம் வாங்கும் அதிகாரி. வெளியிலிருந்து வேடமிட்டு உள்ளே நுழைகிறவர். நம் ஊர்களில் பேரணி ஓரத்தில் மஃப்டியில் நிற்கும் எஸ்.பி.சி.ஐ.டி. காவலரை இவரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மஃப்டிக் காவலர் சீருடையை மட்டும் கழற்றியிருக்கிறார். வீட்டுக்குப் போனால் தன் சொந்தப் பெயரில்தான் வாழ்கிறார்.

இரு வகையினரும் எழுப்பும் சிக்கல் ஒன்றுதான்: உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுவதற்காக அரசு எவ்வளவு தூரம் போகலாம்? இன்ஃபார்மர் விஷயத்தில் இதன் கொடூரமான எடுத்துக்காட்டு வட அயர்லாந்தில் இருக்கிறது. பிரிட்டன் ஆட்சியை ஆயுதம் ஏந்தி எதிர்த்த ஐரிஷ் குடியரசுப் படைக்குள் காட்டிக்கொடுப்போரைப் பிடித்து விசாரித்துக் கொல்லும் பிரிவிலேயே 'ஸ்டேக்நைஃப்' என்ற குறிப்புப் பெயரில் பிரிட்டன் ராணுவத்தின் ஆள் ஒருவர் இருந்தார். 2003இல் பத்திரிகைகள் அவர் ஃபிரெடி ஸ்கப்பாட்டிச்சி என்று எழுதின; அவர் இறக்கும் வரை அதை மறுத்தார். அவரால் காப்பாற்றப்பட்ட உயிர்களைவிடப் பறிபோன உயிர்களே அதிகமாக இருக்கும் என்று 2024 மார்ச்சில் வெளியான, இதை ஆராய்ந்த 'ஆபரேஷன் கெனோவா' என்ற காவல் விசாரணையின் இடைக்கால அறிக்கை முடிவு கூறியது. அது தனியாகப் பேச வேண்டிய வரலாறு. இந்தப் பக்கம் லண்டன் உளவுக் காவலர்களைப் பற்றியது.

பொய்யான அடையாளத்தை எப்படி உருவாக்கினார்கள்?

பலர் இறந்துபோன குழந்தைகளின் பெயர்களைக் கொண்டு உருவாக்கினார்கள். பிரிவில் புதிதாகச் சேர்ந்த காவலர், லண்டனில் பிறப்பு இறப்புப் பதிவேடுகள் வைக்கப்பட்டிருந்த கட்டடத்துக்குப் போய், ஏறக்குறைய தன் வயதில் பிறந்து சிறு பிராயத்திலேயே இறந்துவிட்ட ஒரு குழந்தையின் பெயரைத் தேடி எடுப்பார். முதற்பெயர் தன் சொந்தப் பெயரோடு ஒத்துப்போனால் நல்லது. யாராவது தெருவில் திடீரெனக் கூப்பிட்டாலும் தடுமாறாமல் திரும்பிப் பார்க்கலாம். அந்தப் பெயரில் ஓட்டுநர் உரிமம் முதலான ஆவணங்கள் பெறப்பட்டன. குழந்தை வாழ்ந்த ஊருக்கும் தெருவுக்கும் போய்ப் பார்த்துவந்தவர்களும் உண்டு. சிறுவயது ஊரைப் பற்றி யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ஒரு நாவலை நினைவில் வைத்து, பிரிவுக்குள் இந்தத் தேடலுக்குக் 'குள்ளநரி ஓட்டம்' என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள்.

2013 ஜூலையில் காவல்துறையின் சொந்த விசாரணையான 'ஆபரேஷன் ஹெர்ன்', தான் ஆராய்ந்த 106 பொய் அடையாளங்களுள் 42 இவ்வாறு இறந்த குழந்தைகளுடையவை என்று ஒப்புக்கொண்டது.

இந்த முறையில் ஓர் ஓட்டை இருந்தது. சந்தேகப்பட்டுத் தேடுகிறவருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும் என்று நம்பியே இந்த ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால் பிறப்பைப் பதிந்த அரசு இறப்பையும் பதிந்து வைத்திருந்தது. இரண்டுமே பொதுமக்கள் கேட்டுப் பார்க்கக்கூடிய ஆவணங்கள். காதலன் திடீரென மறைந்துபோன துயரத்தில் ஒரு பெண் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவாள் என்பதை ஸ்பெஷல் பிராஞ்சில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

உளவுக் காவலர்கள் பெண்களை ஏமாற்றினார்கள் என்று சொல்லப்படுவது உண்மையா?

உண்மை, காவல்துறையே எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட உண்மை. கண்காணிக்கப்பட்ட குழுக்களில் இருந்த பெண்களோடு பல காவலர்கள் நீண்டகால உறவு வைத்திருந்தார்கள். சிலர் சேர்ந்தே குடித்தனம் நடத்தினார்கள். பெண்ணின் குடும்பத்துத் திருமணங்களுக்கும் இறுதிச் சடங்குகளுக்கும் போய்வந்தார்கள். அவர்களுள் பலருக்குச் சொந்தப் பெயரில் மனைவியும் பிள்ளைகளும் வேறு வீட்டில் இருந்தார்கள்.

'பாப் ராபின்சன்' என்ற பெயரில் 1984 முதல் 1988 வரை விலங்குரிமை இயக்கத்தினரிடையே வாழ்ந்த பாப் லாம்பெர்ட்டுக்கு, அங்கே ஒரு பெண்ணோடு 1985இல் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை சிறுவனாக இருக்கும்போதே, காவல்துறை தன்னைத் தேடுகிறது என்று சொல்லிவிட்டு அவர் மறைந்தார். 2012இல் ஒரு நாளிதழில் வந்த புகைப்படத்தைப் பார்த்துத்தான், தன் மகனின் தந்தை ஒரு போலீஸ்காரர் என்பது அந்தத் தாய்க்குத் தெரிந்தது. அதற்குள் ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. 2014இல் காவல்துறை அவருக்கு 4,25,000 பவுண்டு இழப்பீடு தந்தது.

பிரிவின் உள் கையேடு ஒன்று 1995இல் எழுதப்பட்டது. வேறு வழியில்லை என்றால் குறுகிய காலத்தில் முறிந்துபோகிற உறவுகளாக வைத்துக்கொள்ளும்படி அது காவலர்களுக்கு ஆலோசனை கூறுகிறது. அந்த ஒரு வரியே போதும்: இத்தகைய உறவுகள் மேலதிகாரிகள் கனவிலும் நினையாத தனிமனிதச் சறுக்கல்கள் அல்ல. மறுபக்கத்தில் ஒரு பெண் ஆறு ஆண்டுக்காலம் தன் வாழ்க்கையை ஒருவரோடு பகிர்ந்துகொண்டிருந்தார் என்ற எண்ணத்தின் சாயல்கூட அந்தக் கையேட்டு வாக்கியத்தில் இல்லை.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் செய்தியாளர்களா?

அல்லர். இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் புலனாய்வு இதழியலைப் பற்றிய பேச்சுகளில் செய்தியாளரே எல்லாவற்றையும் தோண்டி எடுத்தவராகத் தோன்றிவிடுவதுண்டு. இங்கே முதல் தேடல் ஏமாற்றப்பட்ட பெண்களுடையது.

ஹெலன் ஸ்டீல் லண்டனின் சுற்றுச்சூழல், சமூக நீதி இயக்கங்களில் இருந்தவர். ஒரு துண்டறிக்கைக்காகப் பெரிய உணவு நிறுவனம் தொடுத்த அவதூறு வழக்கை வழக்கறிஞர் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போராடியவராகவும் அவர் அறியப்படுகிறார். 'ஜான் பார்க்கர்' என்ற பெயரில் அவரோடு வாழ்ந்தவர், மனம் உடைந்துவிட்டதாகச் சொல்லி 1992இல் மறைந்தார். பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து கடிதங்கள் வந்தன. அவருக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலையில் தேடத் தொடங்கிய ஸ்டீலுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. பின்னர் இறப்புப் பதிவேட்டைப் பார்த்தபோது, அந்த ஜான் பார்க்கர் எட்டு வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோன சிறுவன் என்பது தெரிந்தது. தான் நேசித்தவர் யார் என்றே தெரியாமல் அவர் பல ஆண்டுகள் நடமாடினார். நெடுங்காலத் தேடலுக்குப் பிறகு ஒரு திருமணச் சான்றிதழ் அகப்பட்டது. அதில் ஜான் டைன்ஸ் என்ற உண்மைப் பெயர் இருந்தது. தொழில் என்ற இடத்தில் போலீஸ் அதிகாரி என்று எழுதியிருந்தது. 2016இல் சிட்னி விமான நிலையத்தில் ஸ்டீல் அவரை நேருக்கு நேர் சந்தித்தார். டைன்ஸ் மன்னிப்புக் கேட்டார்.

இன்னொரு பெண், 'மார்க் ஸ்டோன்' என்பவரோடு ஆறு ஆண்டுகள் வாழ்ந்தவர். 2010 ஜூலையில் இத்தாலியில் இருவரும் விடுமுறையில் இருந்தபோது, வண்டியில் மார்க் கென்னடி என்ற பெயரில் ஒரு கடவுச்சீட்டு அவர் கண்ணில் பட்டது. ஊர் திரும்பியதும் நண்பர்களோடு சேர்ந்து பதிவேடுகளைத் தேடினார். அக்டோபரில் எல்லோருமாகக் கென்னடியை உட்காரவைத்துக் கேட்டபோது, தான் காவலர்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார். 2003 முதல் நாட்டிங்ஹாமை மையமாகக் கொண்டு, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் போய் வேவு பார்த்திருந்தார்.

அப்படியானால் செய்தியாளர்கள் செய்த வேலை என்ன?

கேட்டதை நம்பியது, நம்பியதைச் சரிபார்த்தது, சரிபார்த்ததை விடாமல் தொடர்ந்தது. மூன்றுமே எளிதல்ல. 'என் காதலன் ஒரு போலீஸ் உளவாளி. அவன் பெயர் ஒரு செத்த குழந்தையின் பெயர்' என்று ஒருவர் வந்து சொன்னால், பெரும்பாலான செய்தி அறைகளில் அவரைப் பரிவோடு வழியனுப்பியிருப்பார்கள்.

2010 மார்ச்சில் 'அப்சர்வர்' இதழில் டோனி தாம்சன், பெயர் வெளியிடப்படாத முன்னாள் உளவுக் காவலர் ஒருவரின் வாக்குமூலத்தை எழுதினார். கென்னடி அம்பலமான பிறகு, 2011 ஜனவரியில் 'கார்டியன்' நாளிதழின் ராப் எவன்சும் பால் லூயிசும் அந்தச் செய்தியை எடுத்தார்கள். கென்னடி ஒருவரோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. தனித்தனியே தவித்துக்கொண்டிருந்த பெண்களின் கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தது. வேன் வைத்திருப்பார், கையில் பணத்துக்குத் தட்டுப்பாடு இருக்காது, உறவினர் யாரையும் அறிமுகப்படுத்த மாட்டார், சில ஆண்டுகளில் மனச்சோர்வு என்பார், வெளிநாடு போகிறேன் என்பார், அங்கிருந்து ஒரு கடிதம் வரும், அவ்வளவுதான். இதே வரிசை பத்தாண்டுகள் இடைவெளியில், ஒருவரையொருவர் அறியாத பெண்களுக்கு நேர்ந்திருந்தது. ஒரு கெட்ட காவலரின் கதை என்று இருந்தது, பயிற்சி கொடுத்து நடத்தப்பட்ட முறை ஒன்றின் கதையாக மாறியது இந்த ஒப்பீட்டால்தான். இந்த வேலையில் பரபரப்பு எதுவும் இல்லை. தேதிகள், முகவரிகள், சான்றிதழ்கள், பழைய புகைப்படங்கள் ஆகியவற்றை மாதக்கணக்கில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் பொறுமைதான் இதன் முழு மூலதனம்.

செயற்பாட்டாளர்களே நடத்திய ஆய்வுக் குழு ஒன்றும் இதற்கு இணையாகப் பல உளவுக் காவலர்களை அடையாளம் கண்டது. அவர்களுடைய முறையும் இதுவே.

ஸ்டீபன் லாரன்ஸ் குடும்பத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஸ்டீபன் லாரன்ஸ் 18 வயதுக் கறுப்பின மாணவர். 1993 ஏப்ரல் 22 அன்று தென்கிழக்கு லண்டன் எல்தமில் பேருந்து நிறுத்தத்தருகே வெள்ளை இனவெறி இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். காவல்துறையின் அலட்சியத்தை எதிர்த்து அவருடைய பெற்றோர் டோரீனும் நெவிலும் நடத்திய போராட்டம் பிரிட்டனின் மனச்சாட்சியை உலுக்கியது. மெக்ஃபர்சன் விசாரணைக் குழு 1999இல் லண்டன் காவல்துறையில் நிறுவனமயமான இனவெறி இருப்பதாக அறிவித்தது.

1993 முதல் 1997 வரை இனவெறி எதிர்ப்புக் குழுக்களில் உளவுக் காவலராக இருந்த பீட்டர் பிரான்சிஸ், 2013 ஜூனில் 'கார்டியன்' இதழிலும் சேனல் 4 தொலைக்காட்சியிலும் தன் உண்மைப் பெயரோடு பேசினார். அதற்கு முன் 'அப்சர்வர்' இதழில் பெயரின்றிப் பேசியவர் அவர்தான். மகனை இழந்த அந்தக் குடும்பத்தின் மீது சேறு பூச ஏதாவது கிடைக்குமா என்று தேடும்படி மேலதிகாரிகள் தன்னை நெருக்கியதாக அவர் சொன்னார்.

அரசு நியமித்த வழக்கறிஞர் மார்க் எலிசனின் அறிக்கை 2014 மார்ச் 6 அன்று வெளிவந்தது. அதில் 'என்81' என்ற குறியீட்டால் மட்டும் குறிப்பிடப்பட்ட உளவுக் காவலர் ஒருவர் லாரன்ஸ் குடும்பத்தின் ஆதரவாளர்களுக்கு அருகே இருந்தது உறுதியானது. மெக்ஃபர்சன் விசாரணை நடந்துகொண்டிருந்த 1998இல், அந்த விசாரணைக்குக் காவல்துறையின் தரப்பைத் தயாரித்துக்கொண்டிருந்த அதிகாரி ஒருவருக்கும் 'என்81'க்கும் சந்திப்பு நடந்ததும் தெரிந்தது. அந்தச் சந்திப்புக்கு ஏற்பாடு செய்தவர், அதற்குள் அந்தப் பிரிவில் மேலாளராக உயர்ந்திருந்த பாப் லாம்பெர்ட். நீதி கேட்டு நிற்பவரின் வீட்டு வாசலில் நடக்கும் பேச்சு எதிர்த்தரப்பின் மேசைக்குப் போவது எந்த நாட்டில் நடந்தாலும் அநீதிதான். அதே நாளில் உள்துறை அமைச்சர் தெரேசா மே நாடாளுமன்றத்தில் பொது விசாரணையை அறிவித்தார்.

தெற்காசியக் குடும்பங்களும் பாதிக்கப்பட்டனவா?

ஆம். தெற்காசியர் மிகுதியாக வாழும் லண்டன் சவுத்தாலில் 1979 ஏப்ரல் 23 அன்று இனவாத அமைப்பு ஒன்றின் கூட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பிளேர் பீச் என்ற ஆசிரியர் அடிபட்டு இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு வந்தவர்களைப் பற்றியும் உளவுக் குறிப்புகள் எழுதப்பட்டன. 1997இல் கிங்ஸ்டனில் இனவெறித் தாக்குதலுக்குப் பின் காணாமல்போய்த் தேம்ஸ் ஆற்றில் பிணமாகக் கிடைத்த ரிக்கி ரீல் என்ற இந்திய வம்சாவளி மாணவரின் குடும்பமும் இந்தக் கோப்புகளில் இருந்தது. மகன் எப்படி இறந்தான் என்று கேட்டுக்கொண்டிருந்த தாய் சுக்தேவ் ரீலுக்கு, தன்னைப் பற்றிக் காவல்துறை குறிப்பெடுத்திருந்தது 2014இல்தான் சொல்லப்பட்டது.

நீதிமன்ற வழக்குகள் எவ்வாறு பாதிக்கப்பட்டன?

2009 ஏப்ரலில் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள ராட்கிளிஃப் அனல் மின் நிலையத்தை முடக்கத் திட்டமிட்டதாக 114 பேர் ஒரே இரவில் கைது செய்யப்பட்டார்கள். திட்டமிடும் கூட்டத்தில் கென்னடியும் இருந்தார். பேசியதை ரகசியமாகப் பதிவும் செய்தார். அந்தப் பதிவு எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களிடம் தரப்படவில்லை. கென்னடியின் உண்மை அடையாளம் தெரிந்ததும், 2011 ஜனவரியில் ஆறு பேர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. அதற்கு முன்பே தண்டிக்கப்பட்டிருந்த 20 பேரின் தீர்ப்பையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் ரத்துசெய்தது.

உளவாளியைக் காப்பாற்றச் சான்றை மறைத்தால் நீதிபதியையும் சேர்த்தே ஏமாற்ற வேண்டியிருக்கிறது. என் பார்வையில், இந்த விவகாரத்தில் பொதுமக்கள் மிகவும் அஞ்ச வேண்டிய பகுதி இதுதான்.

உளவுக் காவலரின் உண்மைப் பெயரைச் செய்தியாளர் வெளியிடலாமா?

எப்போதும் வெளியிடலாம் என்றும் சொல்ல முடியாது. ஒருபோதும் கூடாது என்றும் சொல்ல முடியாது. போதைப்பொருள் கும்பலுக்குள்ளோ குழந்தைகளைக் கடத்தும் வலைப்பின்னலுக்குள்ளோ உயிரைப் பணயம் வைத்து இருப்பவரின் பெயரை வெளியிடுவது அவரைக் கொல்வதற்குச் சமம். அத்தகைய பணி இன்றும் தேவைப்படுகிறது. ஆனால் பணி முடிந்து பல ஆண்டுகள் ஆன, உயிர் ஆபத்துக்குச் சான்று இல்லாத, தன் அதிகாரத்தைக் கொண்டு பிறர் வாழ்வைச் சிதைத்த ஒருவரின் பெயரை மறைப்பது பாதுகாப்பு ஆகாது. பொய்ப் பெயர் வெளியானால்தான், அந்தப் பெயரில் ஏமாற்றப்பட்ட மற்றவர்களுக்குத் தமக்கு நடந்தது என்னவென்று தெரியவரும். லாம்பெர்ட்டின் மகனுடைய தாய் உண்மையை அறிந்தது நாளிதழில் வந்த ஒரு படத்தால்தானே?

பெயரை வெளியிடும் முன் சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்பதும், அவருடைய மனைவி மக்களை விலக்கி வைப்பதும், ஆள் மாறிவிடவில்லை என்பதை ஆவணத்தால் உறுதிசெய்வதும் தவிர்க்கவே முடியாத கடமைகள். தவறான ஆளை உளவாளி என்று எழுதிவிட்டால் அந்தக் கறை எந்தத் திருத்தத்தாலும் போகாது.

காவல்துறை எப்படி எதிர்கொண்டது?

'உறுதிப்படுத்தவும் மாட்டோம், மறுக்கவும் மாட்டோம்' என்ற சொற்றொடர்தான் முதலும் கடைசியுமான கேடயம். 2011 டிசம்பரில் எட்டுப் பெண்கள் வழக்குத் தொடுத்தபோதும், ஊரறிந்த உளவுக் காவலர்களைப் பற்றிக்கூட இதே பதில்தான் வந்தது. நாற்பது ஆண்டுகள் யாரும் கேள்வி கேட்காமல் இருந்ததற்கு இந்தச் சொற்றொடர் பெருமளவு உதவியது. உண்மையான ஆபத்தில் இருப்பவர்களுக்கென உருவான ஒரு பாதுகாப்பு, சங்கடத்திலிருந்து தப்பும் வழியாகத் தேய்ந்துபோனது.

இறுதியில் 2015 நவம்பர் 20 அன்று, ஏழு பெண்களிடம் லண்டன் காவல்துறை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அந்த உறவுகள் வஞ்சகமானவை, மனித உரிமை மீறல்கள், காவல் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய செயல்கள் என்று அந்த அறிக்கை ஏற்றுக்கொண்டது. எட்டாமவரான கேட் வில்சன் சமரசத்தோடு நிற்காமல், அரசின் உளவு அதிகாரங்கள் பற்றிய புகார்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போனார். கென்னடியால் ஏமாற்றப்பட்ட அவர் வழக்கின் பெரும்பகுதியை வழக்கறிஞர் இல்லாமல் தானே நடத்தினார். 2021 செப்டம்பரில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. இழிவான நடத்துதலிலிருந்து விடுதலை, தனிவாழ்வுரிமை, கருத்துரிமை, ஒன்றுகூடும் உரிமை, பாகுபாடின்மை ஆகிய ஐந்துமே மீறப்பட்டதாகத் தீர்ப்பாயம் கண்டது. 2022 ஜனவரியில் 2,29,471 பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது.

யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

பெண்களோடு உறவு வைத்திருந்த காவலர்கள் மீது குற்ற வழக்குத் தொடர முடியாது என்று அரசு வழக்குத் துறை 2014இல் முடிவுசெய்தது. அவர்களுள் ஒருவரான ஜிம் பாய்லிங், துறை விசாரணைக்குப் பின் 2018இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஏமாற்றப்பட்ட பெண்களுக்கு இது போதவில்லை, எனக்கும் போதவில்லை.

பொது விசாரணை எந்த நிலையில் இருக்கிறது?

2015இல் நீதிபதி பிட்ச்ஃபோர்ட் தலைமையில் தொடங்கியது. அவர் நோயுற்றதால் 2017இல் ஜான் மிட்டிங் தலைமை ஏற்றார். முதலில் 2018க்குள் முடிந்துவிடும் என்றார்கள். காவல்துறை ஒவ்வொரு பெயருக்கும் மறைப்புக் கோரி மனுப் போட்டதால், சாட்சிய விசாரணை 2020 நவம்பரில்தான் ஆரம்பமானது. 1968 முதல் 1982 வரையிலான காலத்தைப் பற்றிய இடைக்கால அறிக்கை 2023 ஜூனில் வெளியானது. கண்காணிக்கப்பட்ட அத்தனை குழுக்களுள் மூன்றைத் தவிர மற்றவற்றை இவ்வாறு உளவு பார்த்ததற்கு நியாயமில்லை என்றும், அந்த வழிமுறைகள் அன்றே மக்களுக்குத் தெரிந்திருந்தால் பிரிவு விரைவில் மூடப்பட்டிருக்கும் என்றும் மிட்டிங் எழுதினார். பெண்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஏற்று எழுதியிருக்கிறார் என்பதே அதன் எடை.

சட்டம் மாறியிருக்கிறதா?

ஓரளவு மாறியிருக்கிறது. 2014 முதல், பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நீளும் உளவுப் பணிக்குத் தலைமைக் காவல் அதிகாரியின் ஒப்புதலும் சுதந்திரமான கண்காணிப்பு அமைப்பின் முன்னனுமதியும் வேண்டும். மறுபுறம், 2021இல் நிறைவேறிய சட்டம் உளவுக் காவலர்களும் இன்ஃபார்மர்களும் பணியின் பொருட்டுக் குற்றச்செயலில் ஈடுபட முன்கூட்டியே அனுமதி தர வழிசெய்கிறது. கொலை, சித்திரவதை, பாலியல் வன்முறை ஆகியவற்றுக்கு அனுமதி தரவே கூடாது என்று சட்டத்திலேயே பட்டியலிடும்படி நாடாளுமன்றத்தில் எழுந்த கோரிக்கையை அரசு ஏற்கவில்லை. அப்படிப் பட்டியலிட்டால் கும்பல்கள் அதைக் கொண்டே உளவாளியைச் சோதிக்கும் என்பது அரசின் வாதம். சட்டத்தில் எழுதப்படாத எல்லையை இருட்டில் யார் காப்பார்கள் என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் விடையில்லை.

இறந்த குழந்தைகளின் பெற்றோருக்குச் சொல்லப்பட்டதா?

2013இல் காவல்துறைத் தலைவர் பொதுவாக மன்னிப்புக் கேட்டார். ஆனால் எந்தக் குழந்தையின் பெயர் பயன்பட்டது என்று குடும்பங்களுக்குச் சொல்ல மறுத்தார். சொன்னால் காவலர்களின் அடையாளம் தெரிந்துவிடும் என்பது காரணம். அவ்வாறு பயன்படுத்தப்பட்ட ஒரு பெயருக்குரிய குழந்தை 1973இல் பிறந்து இரண்டே நாள் உயிரோடிருந்தது. ஏறத்தாழ 26 ஆண்டுகள் கழித்து ஓர் உளவுக் காவலர் அந்தப் பெயரைச் சூடிக்கொண்டு கூட்டங்களுக்குப் போய்வந்தார். தாய்க்கு அதைத் தெரிவித்தது காவல்துறை அல்ல, செய்தியாளர்களின் தேடல். அவர் முறைப்படி புகார் கொடுத்தார்.

பொது விசாரணை தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. இறந்த குழந்தையிடமிருந்து எடுக்கப்பட்ட ஒரு பெயரை வெளியிடும் முன், விசாரணைக் குழு அந்தக் குழந்தையின் உறவினரைத் தேடிக் கண்டுபிடித்து முதலில் அவர்களிடம் சொல்ல முயல்கிறது. பெற்றோர் பலர் அதற்குள் முதுமை அடைந்துவிட்டார்கள்; சிலர் இறந்துவிட்டார்கள்; அந்த வீடுகளில் செய்தியைக் கேட்டுக்கொண்டவர்கள் அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும்தான்.